பின் ஆக்சிலை இறக்கும்போது கைப்பிரேக் கேபிளைக் கழற்றுதல்

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. கார் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்தது. அதன் உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்பட்டு விற்கப்படுவதாலும், அதன் இயந்திர அமைப்பு மறைவின்றிக் கண்ணுக்கு எளிதில் விளங்குவதாலும், பழைய கார்களைச் சீரமைக்கக் கற்பவர்களுக்கு அது மிகவும் ஏற்ற வண்டியாக இருந்துவருகிறது. அம்பாசிடர் காரில் பல ஆண்டுகள் பொருத்தப்பட்ட 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1798 கன சென்டிமீட்டர் எஞ்சினும் பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி’ வரிசை என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், அம்பாசிடரில் கைபழகிய மெக்கானிக்குகளுக்கு எம்.ஜி.பி.யின் முன்பகுதி அன்னியமாகத் தோன்றுவதில்லை. ஆனால் பின்பகுதியை, அதிலும் கைப்பிரேக் அமைப்பை, தனியாகவே படித்தறிய வேண்டும்.

பின் ஆக்சிலை இறக்கும் வேலையில் கனமான பாகங்கள் பல இருப்பதால், கைப்பிரேக் கேபிளைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. துருப்பிடித்த ஒரு பின் எளிதில் வராதபோது கேபிளை வெட்டிவிடுவது, அல்லது எல்லாவற்றையும் கழற்றிய பிறகு ஆக்சிலின் எடை முழுவதும் அந்தக் கேபிளில் தொங்கும்படி விட்டுவிடுவது போன்ற தவறுகள் இந்த அலட்சியத்திலிருந்தே பிறக்கின்றன. தொடக்ககால எம்.ஜி.பி.களில் காலால் மிதிக்கும் ஹைட்ராலிக் பிரேக் ஒற்றைச் சுற்றில் அமைந்தது, அதாவது நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தம் ஒரே வழியில் சென்றது. ஆகவே எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் ஒருசேர இல்லாமல் போகும். அந்த நிலையில் ஓட்டுநரின் கையில் எஞ்சியிருப்பது இந்தக் கேபிள் ஒன்றுதான் என்பதை மனத்தில் கொண்டு, இந்த வேலையைப் பொறுமையுடன் செய்வது கடமையாகிறது.

கேபிள் செல்லும் வழி

எம்.ஜி.பி.யின் கைப்பிரேக் கேபிள் போடன் கேபிள் என்ற வகையைச் சேர்ந்தது. 1896ஆம் ஆண்டில் எர்னஸ்ட் போடன் என்பவர் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், பல இழைகளை முறுக்கிச் செய்த உள்கம்பி ஒன்று, நெளியக்கூடிய ஆனால் நீளத்தில் சுருங்காத ஓர் உறைக்குள் ஓடுகிறது. சைக்கிள் பிரேக்கில் எல்லோரும் பார்த்திருப்பது இதைத்தான். உள்கம்பியை இழுக்கும் விசைக்கு நிகரான எதிர்விசை உறையின் இரு முனைகளிலும் அழுத்தமாக விழுவதால், உறை எங்கே முட்டி நிற்கிறதோ அந்த முட்டு உறுதியாக இருந்தால்தான் இழுப்பு சக்கரத்தைச் சென்றடையும். கைப்பிரேக் பிடிக்கவில்லை என்று புதுக் கேபிள் வாங்கிப் போட்டும் பயன் கிட்டாத வண்டிகளில், உறையின் முனை முட்டு பிராக்கெட்டில் சரியாக அமராமல் நழுவிக்கொண்டிருப்பது அடிக்கடி காணப்படும் காரணமாகும்.

இரு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள கைப்பிடியின் கீழ்முனை, தரைத்தகட்டைத் தாண்டி வண்டியின் அடிப்புறத்தில் நீண்டிருக்கிறது. கேபிளின் முன்முனையில் உள்ள மரையிட்ட கம்பி அந்தக் கீழ்முனையில் ஒரு பித்தளை நட்டால் பிடிக்கப்பட்டுள்ளது. கேபிளின் தளர்வையும் இறுக்கத்தையும் தீர்மானிப்பது இந்த நட்டுதான். அங்கிருந்து உறை பின்னோக்கிச் சென்று ஆக்சிலை அடைகிறது. ஆக்சிலின் மேல் ஒரு சமன் நெம்புகோல் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரே இழுப்பை இரண்டாகப் பிரித்து இரு சக்கரங்களுக்கும் சம அளவில் பகிர்ந்தளிப்பது இதன் வேலை. ஒரு பக்கத்துப் பிரேக் முன்னதாகப் பிடித்துவிட்டால், நெம்புகோல் சற்றுச் சாய்ந்து மறுபக்கத்துக்கு மேலும் இழுப்பைக் கொடுக்கிறது. அதிலிருந்து பிரியும் இரு கிளைகளின் முனைகளில் கவை வடிவமான பிடிகள் உள்ளன. டிரம்மின் உட்புறத்தை மூடி நிற்கும் தகடான பேக் பிளேட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு லீவரை இந்தக் கவை இருபுறமும் கவ்வ, இரண்டையும் ஊடுருவி ஒரு கிளெவிஸ் பின் நிற்கிறது. தலை தடித்து, மறுமுனையில் சிறு துளையுள்ள உருளையான ஆணியே கிளெவிஸ் பின் ஆகும். அந்தத் துளையில் செருகி இரு கால்களையும் விரித்துவிடப்படும் ஸ்பிளிட் பின், அது கழன்றுவிடாமல் காக்கிறது.

இந்த லீவர்கள் பேக் பிளேட்டுக்கு வெளியே இருப்பது பெரிய வசதியாகும். கேபிளைக் கழற்றுவதற்காக டிரம்மைத் திறக்க வேண்டியதில்லை.

எந்த ஆக்சில், எந்தச் சக்கரம்

தொடக்கத்தில் வந்த திறந்த மேற்கூரை எம்.ஜி.பி.களில் பேஞ்ஜோ ஆக்சில் இருந்தது. இதில் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களைத் தாங்கும் பகுதி முன்புறத்திலிருந்து போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும், பின்புறம் திறப்பில்லாமல் உருண்டையாக இருக்கும். 1965இல் வந்த மூடிய மேற்கூரை ஜி.டி. மாடலிலும், பின்னர் திறந்த வண்டிகளிலும் குழாய் ஆக்சில் எனப்படும் சாலிஸ்பரி வகை இடம்பெற்றது. அதன் பின்புறத்தில் போல்ட் போட்ட மூடி ஒன்று தெரிவதால், வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்த உடனேயே வகையை அறிந்துகொள்ளலாம். கம்பிச் சக்கரம் பூட்டும் வண்டிகளுக்கான ஆக்சில் சாதாரணத் தகட்டுச் சக்கர வண்டிகளின் ஆக்சிலைவிட அகலம் குறைந்தது. ஆகையால் புதுக் கேபிள் வாங்குமுன் ஆக்சில் வகை, சக்கர வகை ஆகிய இரண்டையும் கடைக்காரரிடம் சொல்வது அவசியம். அரை நூற்றாண்டில் பல கைகள் மாறிய வண்டியில் ஆக்சிலே மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால், பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டை மட்டும் நம்பி வாங்காமல், பழைய கேபிளைப் பத்திரமாக வைத்திருந்து புதியதோடு பக்கத்தில் நீட்டி அளந்து பார்ப்பதே நம்பகமான வழியாகும்.

ஸ்பேனர்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த வண்டியின் நட்டு போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவில் அமைந்தவை. 1/2 அங்குல நட்டின் குறுக்களவு 12.7 மில்லிமீட்டர் என்பதால் 13 எண் ஸ்பேனர் அதில் ஏறிவிடும், ஆனால் துருப்பிடித்த நட்டில் பலம் கொடுக்கும்போது அந்தச் சிறு இடைவெளியே விளிம்புகளை வழித்து நட்டை உருண்டையாக்கிவிடும். 7/16 அங்குல நட்டு 11.1 மில்லிமீட்டர், 9/16 அங்குல நட்டு 14.3 மில்லிமீட்டர். இவற்றுக்கு மெட்ரிக் ஸ்பேனர் எதுவும் சரியாகப் பொருந்தாது. ஆறு முனை கொண்ட அங்குல அளவு பாக்ஸ் ஸ்பேனர் செட் ஒன்றை வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குவது சிக்கனமே தவிரச் செலவல்ல.

வண்டியை அசையாமல் நிறுத்துதல்

கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. கியரில் போட்டு நிறுத்தினாலும் அந்தப் பிடிப்பு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரங்களுக்கே செல்கிறது. பின் ஆக்சிலில் வேலை செய்யும்போது இந்த இரண்டு பிடிப்பும் ஒருசேர இல்லாமல் போய்விடுவதால், வண்டி உருளாமல் தடுக்க முன்சக்கரங்களுக்கு வைக்கும் கட்டைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. சமதளமான காங்கிரீட் தரையில் வண்டியை நிறுத்தி, இரு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் உறுதியான மரக்கட்டைகளை அடித்து வைத்த பிறகே ஜாக்கியை எடுக்க வேண்டும். பின்சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திவிட வேண்டும். ஆக்சிலே கீழே வரப்போகிறது என்பதால் ஸ்டாண்டுகளை ஆக்சிலுக்கு அடியில் வைத்துப் பயனில்லை. கமான் பட்டையின் முன்முனை பாடியில் பூட்டப்பட்டுள்ள இடத்துக்குச் சற்று முன்னால், துருவினால் அரிக்கப்படாத உறுதியான பகுதியில் அவற்றை நிறுத்த வேண்டும். எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் கிடையாது, பாடியே எடையைத் தாங்குகிறது. ஆகவே அரித்துப்போன தகட்டில் ஸ்டாண்டு வைத்தால் அது உள்ளே குத்தி ஏறிவிடக்கூடும். ஸ்டாண்டில் இறக்கிய வண்டியைப் பக்கவாட்டில் கையால் அழுத்தித் தள்ளிப் பார்த்து, அசைவில்லை என்பது உறுதியான பின்னரே அடியில் நுழைய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது.

முதலில் தளர்வு, பிறகு பின்

வேலை தொடங்குவதற்கு முதல் நாளே கிளெவிஸ் பின்கள், பித்தளை நட்டின் மரை, சமன் நெம்புகோலின் திருகு, உறையைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் ஆகியவற்றைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட வேண்டும். ஒரே தடவை ஊற்றிவிட்டு உடனே ஸ்பேனரைப் போடுவதைவிட, சில மணிநேர இடைவெளியில் இரண்டு மூன்று முறை ஊற்றி இரவு முழுவதும் விட்டுவைப்பது பலமடங்கு பலன் தரும்.

கைப்பிடியை முழுவதுமாகக் கீழே இறக்கிய பிறகும் கேபிளில் ஓரளவு இழுவிசை எஞ்சியிருக்கும். முந்தைய உரிமையாளர் பிரேக் ஷூக்களின் தேய்மானத்தைக் கேபிளை இறுக்கியே ஈடுகட்டியிருந்தால், அந்த இழுவிசை கணிசமாக இருக்கும். இழுவிசையுள்ள கேபிளில் கிளெவிஸ் பின் கவைக்கும் லீவருக்கும் இடையில் நெருக்கப்பட்டு நிற்பதால், அதைச் சுத்தியலால் அடித்து வெளியேற்ற முயல்வது லீவரை வளைப்பதில்தான் முடியும். எனவே பித்தளை நட்டைத் தளர்த்துவதே முதல் வேலையாகும். நட்டைத் திருப்பும்போது கேபிளின் மரைமுனையும் சேர்ந்து சுழலக்கூடும். அப்படிச் சுழன்றால் உள்கம்பியின் இழைகள் முறுக்கேறிப் பிரியத் தொடங்கும் என்பதால், மரைமுனையைக் குறடால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். பித்தளை மென்மையான உலோகம். முரட்டுத்தனமாகத் திருப்பினால் அதன் மரை வழிந்துவிடும். நட்டை முழுவதும் கழற்ற வேண்டியதில்லை, கேபிள் கையில் தொய்வாக ஆடும் அளவுக்குத் தளர்ந்தால் போதும்.

அடுத்ததாக, ஒவ்வொரு பேக் பிளேட்டிலும் உள்ள சதுரத் தலை கொண்ட அட்ஜஸ்டரை எதிர்ச்சுற்றாகத் திருப்பி, ஷூக்கள் டிரம்மிலிருந்து முற்றிலும் விலகும்படி செய்ய வேண்டும். இது டிரம்மைப் பின்னர் எடுக்கவும் உதவும், பேக் பிளேட்டின் லீவரும் தளர்ந்து கையால் அசையும். சதுரத் தலைக்குச் சாதாரண ஸ்பேனரைப் போட்டால் முனைகள் மழுங்கிவிடும் என்பதால், அதற்கென்று விற்கப்படும் சதுர வாய்ச் சாவியையே பயன்படுத்த வேண்டும்.

கிளெவிஸ் பின்னை எடுத்தல்

இந்த வேலை முழுவதிலும் பொறுமையை அதிகம் கேட்பது கிளெவிஸ் பின்தான். ஸ்பிளிட் பின்னின் விரிந்த இரு கால்களையும் குறடால் நேராக்கி, அதன் வளையத் தலையைப் பக்கவெட்டுக் குறடின் வாயில் கவ்விக்கொண்டு, குறடை லீவரின் மேல் சாய்த்து நெம்பினால் பெரும்பாலும் வந்துவிடும். கால்கள் துருவில் ஒடிந்துவிட்டால், எஞ்சிய துண்டை மெல்லிய பஞ்ச் கொண்டு எதிர்ப்புறத்திலிருந்து தட்டி வெளியேற்ற வேண்டும். ஒருமுறை கழற்றிய ஸ்பிளிட் பின்னை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது. வளைத்து நிமிர்த்திய உலோகம் அடுத்த வளைவில் வெடித்துவிடும். அது விழுந்தால் கிளெவிஸ் பின்னும் விழும், அதோடு கைப்பிரேக்கும் போய்விடும்.

ஸ்பிளிட் பின் வந்த பிறகும் கிளெவிஸ் பின் நகராவிட்டால், முதலில் அதன் தலையைக் குறடால் பிடித்து இப்புறமும் அப்புறமும் சுழற்ற முயல வேண்டும். சுழலத் தொடங்கிய பின் வெளியேயும் வரும். சுழலவில்லையென்றால் மேலும் எண்ணெய் ஊற்றி, லீவரின் பின்னால் ஒரு கனமான சுத்தியலை அணையாகப் பிடித்துக்கொண்டு, பின்னின் அளவைவிடச் சற்று மெல்லிய பஞ்சை வைத்துச் சிறு சுத்தியலால் சுருக்கென்று தட்ட வேண்டும். அணை கொடுக்காமல் அடித்தால் அடியின் வேகம் முழுவதையும் லீவர் வாங்கிக்கொண்டு வளையும், அதைச் சுற்றியுள்ள ரப்பர் உறையும் கிழியும். பின்னைச் சூடாக்கி இளக்கும் முறையை இந்த இடத்தில் பரிந்துரைக்க இயலாது. ஒரு சாண் தூரத்திலேயே வீல் சிலிண்டரின் ரப்பர் வளையங்களும் பிரேக் எண்ணெயும் இருக்கின்றன. வேறு வழியே இல்லாத நிலையில், கேபிளை வெட்டுவதைவிடப் பின்னின் தலையை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு உள்தண்டை மறுபுறமாகத் தள்ளுவது மேல். இழப்பது மலிவான ஒரு பின் மட்டுமே, கேபிளும் லீவரும் தப்பிவிடும்.

வெளியே வந்த பின்னைத் துணியால் துடைத்து நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். லீவர் உராய்ந்த இடத்தில் பிறை வடிவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால், அது நகத்தில் தட்டுப்படும். அந்தப் பள்ளத்தின் ஆழம் கைப்பிடியின் வீண் அசைவாக மாறி, பிரேக் பிடிக்குமுன்பே ஒரு பல்லையோ இரு பல்லையோ தின்றுவிடுகிறது. லீவரின் துளையும் வட்டம் குலைந்து முட்டை வடிவாகியிருக்கிறதா என்று அதே நேரத்தில் பார்த்துவிடுவது நல்லது. பின் எளிதில் மாற்றக்கூடியது, துளை அப்படியல்ல.

சமன் நெம்புகோலும் கிளிப்புகளும்

இரு கவைகளும் விடுபட்டபின், ஆக்சிலின் மேல் சமன் நெம்புகோலைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்ற வேண்டும். அதன்கீழ் வாஷர்கள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன என்பதை ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைப்பது நல்ல பழக்கம். நெம்புகோல் தன் சுழலச்சில் தடையின்றி ஆட வேண்டும். சேறும் காய்ந்த கிரீஸும் இறுகி அது ஒரே நிலையில் நின்றுவிட்ட வண்டிகள் ஏராளம். அத்தகைய வண்டியில் கைப்பிரேக் ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கும், மறு சக்கரம் சும்மா சுழலும், குற்றம் மட்டும் ஷூக்களின் மேல் விழும். நெம்புகோலை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, சுழலச்சைத் துடைத்துப் புது கிரீஸ் இட்டால், அது விரலால் தொட்ட மாத்திரத்தில் திரும்ப வேண்டும்.

இதன் பிறகு ஆக்சிலோடு கேபிளைப் பிணைக்கும் கிளிப்புகள் மட்டுமே மிஞ்சும். அவற்றையும் விடுவித்தால் கேபிளின் பின்பாதி முழுவதும் ஆக்சிலிலிருந்து பிரிந்துவிடுகிறது. ஆக்சிலை மட்டும் பழுதுபார்ப்பதுதான் நோக்கமென்றால், கேபிளின் கழற்றும் வேலை இங்கேயே நிறைவடைகிறது. முன்முனையைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை. கேபிளை முழுவதுமாக வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்று எண்ணி முன்முனையிலும் போராடுவது, நன்றாக இருக்கும் மரையை வீணாக்கும் ஆபத்தைத் தவிர வேறெதையும் தருவதில்லை. விடுபட்ட பின்பாதியைக் கூர்மையான மடிப்பு விழாதபடி பெரிய வளைவாகச் சுற்றி, வண்டியின் அடிப்புறத்தில் கட்டுக்கம்பியால் கட்டி வைத்தால், ஆக்சில் இறங்கும் பாதையில் அது குறுக்கிடாது. உறை ஒருமுறை கூர்மையாக மடிந்துவிட்டால் அந்த இடத்தில் உள்கம்பி என்றென்றும் உராய்ந்துகொண்டே இருக்கும்.

ஆக்சில் கீழே வரும் வரை

எஞ்சிய வேலைகளைப் பிற அத்தியாயங்கள் விரித்துரைப்பதால் இங்கே வரிசையை மட்டும் குறிப்பிட்டால் போதும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இணைப்புத் தட்டில் இரு பக்கமும் அடையாளக் கோடு கீறிவிட்டு, நான்கு போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். பாடியிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ஒரே ரப்பர் பிரேக் குழாயை விடுவிக்குமுன், மேலே உள்ள எண்ணெய்க் கிண்ணத்தின் மூடிக்கு அடியில் ஒரு பாலித்தீன் துண்டை வைத்து மூடினால் எண்ணெய் ஒழுகுவது பெரிதும் குறையும். அந்த எண்ணெய் பெயின்டின் மேல் பட்டால் உரித்துவிடும், ஆகவே சிந்தியதை உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். ஷாக் அப்சார்பர் இணைப்புகள், ஆக்சில் அளவுக்கு மீறித் தொங்காமல் தடுக்கும் பட்டைகள், இறுதியாக யூ போல்ட்டுகள் என்ற வரிசையில் கழற்றி, அடியில் ஜாக்கியைக் கொடுத்து இருவர் பிடித்து இறக்க வேண்டும். ஜாக்கி இறங்கத் தொடங்கியதும் ஒருவர் விளக்கைப் பிடித்து, ரப்பர் குழாயோ கேபிளோ எங்கேனும் மாட்டி இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டிரம்மைத் திறக்க நேர்ந்தால், உள்ளே படிந்துள்ள தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. அக்காலத்து பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அதன் நுண்துகள் நுரையீரலுக்குக் கொடிய கேடு விளைவிப்பது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதும், முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

முழுக் கேபிளையும் வெளியே எடுக்க நேர்ந்தால்

கேபிளை மாற்றுவதே நோக்கமானால் பித்தளை நட்டை முழுவதும் கழற்றி, உறையின் முன்முனையை முட்டு பிராக்கெட்டில் பிடித்திருக்கும் நட்டையும் நீக்கி, பாடியில் உள்ள கிளிப்புகளிலிருந்து உறையை விடுவித்து, முழுவதையும் பின்னோக்கி உருவி எடுக்க வேண்டும். உருவுமுன் உறை எதன் மேலாகவும் எதன் கீழாகவும் சென்றது என்பதைக் குறித்துக்கொள்ளாதவர்கள், புதியதைப் பொருத்தும்போது அதை வெளிப்புகைக் குழாய்க்கு அருகில் கொண்டுபோய்விடுவதுண்டு. அந்தச் சூட்டில் உறைக்குள் இருக்கும் கிரீஸ் உருகி வடிந்துவிடும்.

பழைய கேபிளைக் கைவிடுவதா வைத்துக்கொள்வதா என்ற முடிவுக்கு மூன்று அடையாளங்கள் போதும். உறைக்கு வெளியே தெரியும் உள்கம்பியில் ஓர் இழையேனும் அறுந்திருந்தால் அந்தக் கேபிள் போய்விட்டது. உறையில் வெடிப்போ நசுங்கலோ இருந்தாலும் அப்படியே. கேபிளை நேராகக் கிடத்தி உள்கம்பியை இழுக்கும்போது சொரசொரவென்று நின்று நின்று வந்தால் உள்ளே துரு இருக்கிறது, கிரீஸ் ஏற்றிய பிறகும் அது மாறாவிட்டால் அதையும் கைவிட வேண்டும். கிரீஸ் ஏற்றுவதற்கென்றே உறையில் ஒரு நிப்பிள் வைக்கப்பட்டிருக்கிறது. வண்டிக்கு அடியில் அழுக்கு மூடி மறைந்திருப்பதால் பல வண்டிகளில் அது ஆண்டுக்கணக்கில் கிரீஸ் துப்பாக்கியைக் காண்பதே இல்லை. கேபிள் கையில் இருக்கும் இந்த நேரத்தில், உறையின் மறுமுனையில் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை ஏற்றிவிடுவது அதன் ஆயுளைப் பெரிதும் நீட்டிக்கும்.

எம்.ஜி.பி. அல்லாத பழைய கார்களில் இந்த வேலையின் போக்கு மாறும். இலங்கைத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மோரிஸ் மைனரில் சமன் நெம்புகோல் கிடையாது, ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனிக் கேபிள் கைப்பிடியின் அடியிலிருந்து செல்கிறது. ஆகவே இரு நட்டுகளையும் ஒரே அளவில் வைப்பது மெக்கானிக்கின் பொறுப்பாகிறது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் இரண்டு கேபிள்கள் உண்டு, ஆனால் அவற்றின் பின்முனை டிரம்முக்கு உள்ளே கொக்கி போல மாட்டப்பட்டிருப்பதால், மிகுந்த முறுக்கத்தில் பூட்டப்பட்ட 36 மில்லிமீட்டர் நட்டைக் கழற்றி டிரம்மை எடுத்த பின்னரே கேபிளை அணுக முடியும்.

மீண்டும் பூட்டி அளவு வைத்தல்

ஆக்சில் தன் இடத்துக்குத் திரும்பி, யூ போல்ட்டுகளும் பிரேக் குழாயும் பூட்டப்பட்ட பிறகு, கேபிள் கழற்றியதற்கு நேர் எதிர் வரிசையில் ஏறுகிறது. முதலில் கிளிப்புகளும் சமன் நெம்புகோலும், அதன்பின் கிரீஸ் தடவிய புதிய கிளெவிஸ் பின்களும் புதிய ஸ்பிளிட் பின்களும் என்று முடித்து, பித்தளை நட்டைத் தளர்வாகவே விட்டுவைக்க வேண்டும். கிளெவிஸ் பின்னை முடிந்தவரை அதன் தலை மேற்புறமாக இருக்கும்படி செருகுவது நல்லது. அப்போது ஸ்பிளிட் பின் என்றேனும் விழுந்தாலும், தன் எடையாலேயே கிளெவிஸ் பின் துளையில் நிற்கும்.

அளவு வைப்பதில் வரிசை தவறுவதே கைப்பிரேக்கின் பெரும்பாலான குறைகளுக்கு வேர். கேபிள் இருப்பது ஷூக்களை இயக்குவதற்கு, தேய்ந்த ஷூக்களின் இடைவெளியை நிரப்புவதற்கு அல்ல. அந்த இடைவெளியைக் கேபிளை இறுக்கி மூடினால், பேக் பிளேட்டின் லீவர் எப்போதும் பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும், ஷூக்கள் டிரம்மில் உரசிச் சூடேறும், கால் பிரேக்கின் மிதியும் சீராக இராது. எனவே ஹைட்ராலிக் அமைப்பிலிருந்து காற்றை முழுவதும் வெளியேற்றி, பிரேக் மிதியைச் சில முறை அழுத்தி ஷூக்களை நடுவில் அமரச் செய்த பிறகு, கேபிள் தளர்வாக இருக்கும்போதே சதுரத் தலை அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை இறுக்கி, பின்னர் சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். இரு சக்கரங்களிலும் இது முடிந்த பின்னரே பித்தளை நட்டின் முறை வருகிறது.

இந்த இறுதி அளவின்போது ஸ்டாண்டுகளை ஆக்சிலுக்கு அடியில் மாற்றி, கமான் பட்டைகள் வண்டியின் எடையைத் தாங்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆக்சில் தொங்கும்போது உறையின் வளைவு மாறுகிறது. போடன் அமைப்பு அந்த மாற்றத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டாலும் முழுவதும் ஏற்றுக்கொள்வதில்லை என்பதால், தொங்கும் நிலையில் வைத்த அளவு வண்டி தரையில் நிற்கும்போது சற்றே பிசகிவிடும். கைப்பிடியை மூன்று அல்லது நான்கு பல் மேலே இழுத்த நிலையில் இரு சக்கரங்களும் கையால் திருப்ப முடியாதபடி பிடித்திருக்க வேண்டும், கைப்பிடியை இறக்கியதும் இரண்டும் தடையின்றிச் சுழல வேண்டும். இந்த இரண்டும் ஒருசேர அமையும் வரை நட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிபார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் நட்டை மேலும் இறுக்குவது பயனற்றது, சமன் நெம்புகோலின் சுழலச்சுக்கும் பிடிக்காத பக்கத்துப் பேக் பிளேட் லீவருக்கும் திரும்பிச் செல்ல வேண்டும்.

புதிய கேபிள் பொருத்திய வண்டியில் முதல் சில நாள் ஓட்டத்திலேயே உள்கம்பியின் இழைகள் இறுகி, உறையின் முனைகளும் முட்டுகளில் நன்றாக அமர்ந்து, கைப்பிடி ஒரு பல் அதிகமாக உயரத் தொடங்கும். அப்போது அட்ஜஸ்டரை முதலில் தொட்டுப் பார்த்து, ஷூக்களின் இடைவெளி மாறவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பின், பித்தளை நட்டை அரைச் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதுமானது.